ஆசிரியர் இறந்து 60 ஆண்டு ஆகிவிட்டது; அனுமதி வேண்டாமா?

கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்கும் வாசகி ஒருவர் ஆறு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்த எழுத்தாளர், கலிஃபோர்னியாவைச் சேர்ந்த கிளார்க் ஆஷ்டன் ஸ்மித் (1893–1961). 1930களில் 'வியர்ட் டேல்ஸ்' போன்ற மலிவு விலை இதழ்களில் அமானுஷ்யக் கதைகளை எழுதிக் குவித்தவர். அதே இதழில் எழுதிய நண்பர் லவ்கிராஃப்டின் பெயர் உலகம் முழுக்கப் பரவியது. ஸ்மித்தை இன்றும் தேடிப் படிப்பவர்கள்தான் படிக்கிறார்கள். நம் வாசகி 24 கதைகளைத் தேர்ந்து, பாடபேதங்களும் (ஒரே கதையின் வெவ்வேறு வடிவங்களில் சொல் மாறும் இடங்கள்) விரிவான குறிப்புகளும் சேர்த்து ஓர் ஆங்கிலச் செம்பதிப்பைத் தயாரித்திருக்கிறார். ஒன்பது வருட வேலை. பின்னிணைப்பாக ஸ்மித்தின் கடிதங்கள் பத்து. அட்டைக்கு 'வியர்ட் டேல்ஸ்' இதழின் பழைய அட்டை ஓவியம். தெரிந்தவர் நடத்தும் சிறு பதிப்பகம் அச்சிடும். மின்னூல் உலகம் முழுவதும் போகும். அடுத்து அதே கதைகளின் தமிழ் மொழிபெயர்ப்பு.

அவருடைய கேள்விகள் இவை. ஆசிரியர் இறந்து 60 ஆண்டு தாண்டிவிட்டதால் யாரிடமும் அனுமதி வேண்டியதில்லைதானே? "எல்லா உரிமையும் ஆர்க்கம் ஹவுஸ் பதிப்பகத்துடையது" என்று அமெரிக்க நண்பர் ஒருவர் பயமுறுத்துவது உண்மையா? 2006 முதல் 2010 வரை வேறு பதிப்பாசிரியர்கள் ஐந்து தொகுதிகளாகக் கொண்டுவந்த திருத்திய பாடத்தை, அதாவது கதைகளின் வாசக வடிவத்தை, அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? நாளைக்கு வேறொருவர் என் பதிப்பைப் பார்த்து அடித்தால் தடுக்க முடியுமா? கடைசி வரி என்னை உறுத்தியது: "ஒன்பது வருடம் வீணாகிவிடுமோ என்று ராத்திரி தூக்கம் வருவதில்லை."

சகோதரி, முதலில் நன்றாகத் தூங்குங்கள். உங்கள் உழைப்பு வீணாகாது. இந்தியாவுக்குள் இந்தப் புத்தகத்தின் பெரும்பகுதியைத் தாராளமாக வெளியிடலாம். ஆனால் நீங்கள் ஒரே கேள்வியாகக் கேட்டிருப்பது உண்மையில் மூன்று: எந்தக் கதை, எந்தப் பாடம், எந்த நாடு. மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் தேட வேண்டும்.

60 ஆண்டுக் கணக்கு எங்கே சரி, எங்கே தவறு

நம்முடைய பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 22இன்படி, ஆசிரியர் வாழ்நாளில் வெளியான படைப்புக்கு அவர் இறந்த மறு ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு பாதுகாப்பு. ஸ்மித் 1961 ஆகஸ்டில் இறந்தார். எனவே 1962 ஜனவரி 1இல் தொடங்கி 2021 டிசம்பர் 31இல் முடிகிறது. அந்த அளவுக்கு உங்கள் கணக்கு சரி.

ஆர்க்கம் ஹவுஸ் பற்றிய பயத்துக்கும் இதுவே பதில். ஆகஸ்ட் டெர்லெத்தும் டொனால்ட் வாண்ட்ரேயும் 1939இல் லவ்கிராஃப்டின் கதைகளை நூலாக்கத் தொடங்கிய பதிப்பகம் அது. 1942 முதல் ஸ்மித்தின் தொகுப்புகளையும் கொண்டுவந்தது. நூலை அச்சிட்டதாலேயே ஒரு பதிப்பகம் கதைகளுக்குச் சொந்தக்காரர் ஆகிவிடாது. எழுத்தில் என்ன கொடுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். இந்தியாவைப் பொறுத்தவரை அதையும் தோண்ட வேண்டியதில்லை. உரிமை யாரிடம் இருந்திருந்தாலும் காலம் முடிந்துவிட்டது.

தவறு எங்கே என்றால், பின்னிணைப்பில். ஆசிரியர் இறந்தபோது வெளியாகாமலிருந்த எழுத்துக்குப் பிரிவு 24 தனிக் கணக்கு வைத்திருக்கிறது: முதலில் வெளியான ஆண்டுக்கு மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு. ஸ்மித்தின் தேர்ந்த கடிதங்கள் 2003இல் நூலாக வந்தன. லவ்கிராஃப்டும் அவரும் எழுதிக்கொண்ட கடிதங்களின் பெருந்தொகுப்பு 2017இல் வந்தது. பதின்ம வயதில் அவர் எழுதிய 'தி பிளாக் டயமண்ட்ஸ்' நாவல் அச்சேறியது 2002இல்தான். இவற்றுக்கு "இறந்து 60 ஆண்டு" விதி பொருந்தாது. ஒரு படைப்பு பிறந்த நாட்டில் அதன் உரிமை முன்னதாக முடிந்தால் இங்கும் அதோடு முடியும் என்ற விதி உண்டு. ஆனால் இந்த நூல்களுக்கு அமெரிக்காவிலும் இன்னும் பல ஆண்டுகள் பாக்கி இருக்கின்றன.

"கடிதத்தின் நகல் என் கையில் இருக்கிறது, சேகரிப்பாளர் ஒருவர் கொடுத்தார்" என்று எழுதியிருக்கிறீர்கள். காகிதம் யாருடையதோ அவர் அதை விற்கலாம், காட்டலாம். அதிலுள்ள சொற்களை அச்சிடும் உரிமை எழுதியவருடையது, அவருக்குப் பிறகு அவருடைய வாரிசுகளுடையது. நூலகத்துக்கும் இது பொருந்தும். பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஜான் ஹே நூலகத்தில் ஸ்மித்தின் தாள்கள் இருக்கின்றன. அவர்கள் ஸ்கேன் அனுப்பினால் அது படிப்பதற்கு. வெளியிடும் அனுமதி தனி.

ஆகவே பத்துக் கடிதங்களையும் முழுதாகப் போடுவதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். முன்னுரையிலும் குறிப்புகளிலும் விவாதத்துக்குத் தேவையான வரிகளை மேற்கோள் காட்டலாம். விமரிசனத்துக்கான நியாயமான பயன்பாட்டைப் பிரிவு 52 அனுமதிக்கிறது. முழுக் கடிதமும் வேண்டுமென்றால் வாரிசுத் தரப்பிடம் கேளுங்கள்.

எந்தப் பாடத்தை அச்சிடப் போகிறீர்கள்?

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது இந்தப் பகுதி. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. செம்பதிப்பு என்ற சொல்லின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

ஸ்மித்தின் கதைகள் இதழ் ஆசிரியர்களிடம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். செவ்வாய்க் கோளின் ஆழத்தில் நடக்கும் ஒரு கதைக்கு அவர் வைத்த பெயர் 'தி டுவெல்லர் இன் த கல்ஃப்'. 1933 மார்ச்சில் 'ஒண்டர் ஸ்டோரீஸ்' இதழ் தலைப்பை மாற்றியது. முடிவையும் அவரைக் கேட்காமலே மாற்றியது. அவருடைய சொந்த முடிவு அச்சில் வர 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இதழ் அவருக்குத் தர வேண்டிய பணத்தையும் இழுத்தடித்தது. நியூயார்க்கில் ஒரு பெண் வழக்கறிஞரை வைத்துத்தான் வசூலித்தார். அதே 1933இல், இதழ்கள் திருப்பி அனுப்பிய ஆறு கதைகளைத் தன் ஊரான ஆபர்னின் செய்தித்தாள் அச்சகத்தில் தானே 1000 பிரதி அச்சிட்டு, 25 சென்ட் விலையில் விற்றார். பல பிரதிகளில் அச்சுப் பிழைகளைக் கையாலேயே திருத்தினார். மனிதருக்குத் தன் சொற்கள்மேல் அவ்வளவு அக்கறை.

அந்த அக்கறையை மதித்து, தட்டச்சுப் படிகளையும் அச்சு வடிவங்களையும் ஒப்பிட்டுத்தான் ஸ்காட் கானர்ஸும் ரான் ஹில்கரும் ஐந்து தொகுதிகளை உருவாக்கினார்கள். நீங்கள் கேட்பது, அந்தப் பாடத்தை ஸ்கேன் செய்து உங்கள் குறிப்புகளைச் சேர்க்கலாமா என்று.

சட்டம் இதில் வழுக்கும் தரை. 2007இல் வெளியான ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கின் தீர்ப்பில் நம் உச்ச நீதிமன்றம், உழைப்பு மட்டும் போதாது, சிறிதளவாவது படைப்புத்திறன் இருந்தால்தான் பதிப்புரிமை என்றது. வெறும் பிழை திருத்தத்துக்கு உரிமை கிடைக்காது என்று இதை வைத்து வாதிடலாம். ஆனால் அதே தீர்ப்பு, பதிப்பாசிரியர் தன் அறிவைச் செலுத்திச் செய்த சில சேர்க்கைகளைப் பாதுகாக்கவும் செய்தது. இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில், சாக்கடல் சுருள்களில் ஒன்றின் சிதைந்த பாடத்தைத் துண்டு துண்டாக மீட்டெடுத்த அறிஞருக்கு அந்த மீட்டெடுத்த பாடத்திலேயே உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வருவார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1987இல் முதன்முறையாக வெளிவந்த அந்த முடிவுப் பகுதி "இறந்தபின் வெளியான எழுத்து" ஆகுமா? கதை 1933இலேயே வெளியாகிவிட்டது, சில பக்கங்கள் மாறியதால் அது புதிய படைப்பு ஆகாது என்பது என் கருத்து. இதில் தெளிவான தீர்ப்பு இருப்பதாக நம்பி நீங்கள் நடக்க வேண்டாம். மீட்ட பகுதி வரும் கதைகள் உங்கள் 24இல் எத்தனை? நான்கோ ஐந்தோதான் இருக்கும். அவற்றுக்கு மட்டும் எழுத்தில் அனுமதி வாங்குவது, வாங்காமல் வாதாடுவதைவிட எவ்வளவோ சுலபம்.

மற்றவற்றுக்கு என் யோசனை: உங்கள் பாடத்தை நீங்களே கட்டுங்கள். இதழில் முதலில் வந்த வடிவத்தை அடிப்படையாக வையுங்கள். 1942 தொகுப்போடும், கிடைக்கும் தட்டச்சுப் படியோடும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். 2006–2010 பாடத்தை ஒரு சாட்சியாகப் பாருங்கள். அதிலிருந்து ஒரு சொல்லை ஏற்றால் அதை அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். ஏட்டுச்சுவடி கொடுத்தவர் பெயரையெல்லாம் முகவுரையில் நன்றியோடு எழுதிவைத்த உ.வே.சா.வின் வழி நமக்கு இருக்கிறது. கானர்ஸ், ஹில்கருடைய கதைக் குறிப்புகளைச் "சுருக்கி எழுதிக்கொள்வேன்" என்கிறீர்கள். அது கூடாது. குறிப்பில் உள்ள தகவல் யாருக்கும் சொந்தமில்லை. அதைச் சொன்ன விதமும் அடுக்கிய விதமும் அவர்களுடையவை. தகவலைச் சரிபார்த்து, உங்கள் நடையில் எழுதி, எங்கே கிடைத்தது என்று குறிப்பிடுங்கள்.

அப்புறம் பிரிவு 57. ஆசிரியரின் பெயரையும் மதிப்பையும் காக்கும் இந்த உரிமையை அவருடைய சட்டப்படியான வாரிசுகளும் கேட்கலாம். 2012 திருத்தத்துக்குப் பின், பதிப்புரிமைக் காலம் முடிந்ததும் இதுவும் முடியும் என்று சொல்ல முடியாது. "இன்றைய வாசகருக்காக நீண்ட வாக்கியங்களை உடைத்திருக்கிறேன்" என்று இரண்டு கதைகளைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதைத் தயவுசெய்து திரும்ப எடுத்துவிடுங்கள். இதழ் ஆசிரியர்கள் செய்ததையே நாமும் செய்யலாமா? சந்தேகமான இடங்களில் கை வைக்காமல் குறிப்பில் பேசுங்கள்.

எல்லை தாண்டும்போது

இந்தியாவில் முடிந்த உரிமை எல்லா நாட்டிலும் முடிந்துவிடாது. நீங்கள் தவறாக நினைத்த பெரிய விஷயம் இதுதான்.

பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் பொது விதி வாழ்நாளும் 70 ஆண்டும். இலங்கையிலும் சிங்கப்பூரிலும் அப்படியே. அதாவது 2031 முடியும்வரை அங்கே ஜாக்கிரதை. மலேசியாவில் 50 ஆண்டு என்பதால் அங்கே எப்போதோ முடிந்துவிட்டது. கனடா 2022 இறுதியில்தான் 70க்கு மாறியது, ஏற்கெனவே முடிந்த உரிமையை அது உயிர்ப்பிக்கவில்லை. எனவே அங்கேயும் சிக்கல் இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பை டொரொன்டோவில் விற்கலாம், யாழ்ப்பாணத்துக்கு அனுப்புமுன் யோசிக்க வேண்டும் என்கிற விசித்திர நிலை இதனால் வருகிறது.

அமெரிக்காவில் இந்தக் காலத்துக் கதைகளுக்கு ஆசிரியர் இறந்த ஆண்டு கணக்கே இல்லை. வெளியான ஆண்டுதான் கணக்கு. உயர்ந்தபட்சம் 95 ஆண்டு. ஆனால் 1963 வரை வெளியானவற்றுக்கு 28ஆம் ஆண்டில் உரிமையைப் புதுப்பித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அப்போதே போய்விட்டது. எடுத்துக்காட்டாக, ஸோதீக் என்ற கற்பனைக் கண்டத்தில் நடக்கும் கதை வரிசையின் முதல் கதையான 'தி எம்பயர் ஆஃப் த நெக்ரோமான்ஸர்ஸ்' 1932 செப்டம்பரில் 'வியர்ட் டேல்ஸ்' இதழில் வந்தது. புதுப்பித்திருந்தால் 2027 முடியும்வரை உரிமை உண்டு. புதுப்பித்தார்களா என்று 1959, 1960ஆம் ஆண்டுப் பதிவேடுகளில் பார்க்க வேண்டும். கதையின் பெயரில் மட்டும் தேடினால் போதாது, இதழின் பெயரிலும் தேட வேண்டும். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகமே கட்டணம் வாங்கிக்கொண்டு தேடித் தரும். 24 கதைகளுக்கும் இதைச் செய்வது அலுப்பான வேலைதான். ஆனால் அந்தப் பட்டியல் உங்கள் பதிப்பின் பதிப்பு வரலாற்றுப் பகுதிக்கும் அப்படியே உதவும்.

அதுவரை மின்னூலை இந்தியாவுக்கு மட்டும் வெளியிடுங்கள். அமேசானின் கிண்டிலில் எந்தெந்த நாட்டில் விற்பது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். உரிமைக்காலம் முடிந்த நூல் என்றால் உங்கள் குறிப்புகளோ மொழிபெயர்ப்போ சேர்ந்த தனிப் பதிப்பு என்று காட்டச் சொல்வார்கள், ராயல்டியும் 35 சதவீதம்தான். "உலகம் முழுவதும்" என்ற கட்டத்தைச் சும்மா தட்டிவிட்டால், வழக்கு வருகிறதோ இல்லையோ, ஒரு புகாரிலேயே நூலை நீக்கிக் கணக்கையும் முடக்கிவிடலாம். இந்தியாவிலும், தெரிந்தே உரிமையை மீறினால் பிரிவு 63இன்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, ₹50,000 முதல் ₹2 லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. உங்களுக்கு அது நடக்கும் என்று பயமுறுத்தவில்லை. கடிதங்கள் விஷயத்தில் நான் ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்பதற்காகச் சொன்னேன்.

அட்டையும் ஒப்பந்தமும்

நீங்கள் விரும்பும் அட்டையை வரைந்தவர் மார்கரெட் பிரண்டேஜ். அவர் இறந்தது 1976இல். கதைக்கும் ஓவியத்துக்கும் கணக்கு வேறு. ஓவியரின் வாழ்நாளை வைத்துப் பார்த்தால் இந்தியாவில் 2036 வரை ஓடும். ஸ்மித்தே ஓவியம் வரைந்தவர், கல்லில் சிறு சிற்பங்கள் செதுக்கியவர். அவர் வரைந்து, வாழ்நாளிலேயே வெளியான ஓர் ஓவியத்தை அட்டையில் போட்டால் இன்னும் பொருத்தமாக இருக்கும். சிற்பம் என்றால், அதைப் படம் எடுத்தவரின் அனுமதி தேவை.

உங்கள் பதிப்பை யாராவது அடித்தால்? ஸ்மித்தின் சொற்களுக்கு நீங்கள் சொந்தக்காரர் ஆக முடியாது. அவற்றை வேறு யாரும் அச்சிடலாம். முன்னுரை, குறிப்புகள், பாடத் தேர்வுக்கு நீங்கள் எழுதிய விளக்கங்கள் உங்களுடையவை. தமிழ் மொழிபெயர்ப்பு முழுக்க உங்களுடையது, உங்கள் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும். இதற்குப் பதிவு கட்டாயமில்லை. ₹500 கட்டிப் பதிவு செய்தால் பிறகு நிரூபிக்க வசதி.

பதிப்பாளர் தெரிந்தவர் என்பதால் "வாய்ப்பேச்சே போதும்" என்றிருக்கிறீர்கள். போதாது. உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடுதான் செல்லும். காலம் எழுதாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும். ஆங்கிலப் பதிப்பையும் தமிழையும் தனித்தனி ஒப்பந்தமாக வையுங்கள். அனுமதி வாங்கும் பொறுப்பு யாருடையது, புகார் வந்தால் செலவு யாருடையது என்று ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். நல்ல நண்பர்கள் பிரிந்துபோவதை நான் பார்த்தது பெரும்பாலும் இந்தப் பத்தி இல்லாத இடத்தில்தான்.

சட்டத்துக்கு வெளியே ஒன்று. உங்கள் குறிப்புகளின் மாதிரியைப் படித்தேன். ஸோதீக் என்பது பூமியின் கடைசிக் கண்டம், தியாசஃபிகாரர்களின் (பிரம்மஞான சபையினரின்) கண்டக் கதைகளிலிருந்து அந்த எண்ணம் மங்கலாகத் தோன்றியது, இந்தியாவும் அதில் அடக்கம் என்று ஸ்மித் 1953இல் ஒரு கடிதத்தில் சொல்கிறார். நீங்கள் அதை ஒரே வரியில் கடந்திருக்கிறீர்கள். தியாசஃபிகல் சொசைட்டியின் தலைமையகம் 1882 முதல் அடையாறில் இருக்கிறது. அவர்கள் பரப்பிய லெமூரியாதான் நம் ஊரில் குமரிக்கண்டக் கதையோடு கலந்தது. கலிஃபோர்னியாவில் ஸ்மித் வாழ்ந்த மரக் குடிசைக்கும் அடையாறுக்கும் நடுவே ஓடும் இந்த இழையை எடுத்துக் காட்டத் தமிழ்நாட்டில் உட்கார்ந்திருக்கும் உங்களைவிடத் தகுந்தவர் யார்? அதற்கு இரண்டு பக்கமாவது ஒதுக்குங்கள். உங்கள் பதிப்பு ஏன் வேண்டும் என்று யாராவது கேட்டால் அந்த இரண்டு பக்கத்தைக் காட்டலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒரு கடிதம். அண்மைக்கால ஸ்மித் நூல்களின் உரிமைப் பக்கத்தில் காசியானா லிட்டரரி என்டர்பிரைசஸ் என்ற பெயர் வரும். அந்த நூல்களின் பதிப்பகம் வழியாக அவர்களை அணுகுங்கள். எந்தெந்தக் கதையில் மீட்ட பகுதி வேண்டும், எந்தக் கடிதங்கள் வேண்டும், எத்தனை பிரதி, என்ன விலை, எந்தெந்த நாடு, ஆங்கிலமா தமிழா என்று பட்டியலாகக் கேளுங்கள். 300 பிரதி போடும் சிறு பதிப்பு என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். இந்தியாவில் உரிமைக்காலம் முடிந்த கதைகளுக்கு அனுமதி கேட்பதுபோல் மட்டும் எழுதிவிடாதீர்கள். கேட்டால், அனுமதி தேவை என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக நாளைக்குச் சொல்வார்கள். அனுப்புவதற்கு முன் நகலை எனக்கு ஒருமுறை காட்டுங்கள், பார்த்துத் தருகிறேன்.